ஜிம்முக்கும் போகிறேன், தம்மும் அடிக்கிறேன் டாக்டர்!

கேள்வி: வணக்கம் டாக்டர். எனக்கு வயது 27. கோத்தகிரி பக்கம் ஊர், தேயிலைத் தொழிற்சாலையில் ஷிப்ட் வேலை. நாலு வருஷமாக ஜிம்முக்குப் போகிறேன், ஞாயிற்றுக்கிழமை டானிங்டனில் இருந்து கட்டபெட்டு ரோட்டில் ஐந்து கிலோமீட்டர் ஓடுவேன். ஒரு நாளைக்கு எட்டு முதல் பத்து சிகரெட் ஆகிறது. எழுந்ததும் முதல் டீயோடு ஒன்று, ஜிம்முக்கு முன்னால் ஒன்று, முடித்ததும் ஒன்று, இவை கட்டாயம். ஸ்குவாட்டில் 120 கிலோவைத் தாண்டிவிட்டேன், ஆனால் ஓட்டம் ஒரு வருஷமாக 31 நிமிஷத்திலேயே நிற்கிறது. மேடும் குளிரும்தான் காரணம் என்கிறார் மாஸ்டர். எல்லாம் வியர்வையில் போய்விடும் என்கிறார்கள் நண்பர்கள். ஆக்சிமீட்டரில் 96, 97 காட்டுகிறது. ஹீமோகுளோபின் 17.8, நல்ல ரத்தம் என்றார்கள். போன வருஷம் சபரிமலைக்கு மாலை போட்டபோது 48 நாள் தொடவே இல்லை, நீலிமலை ஏற்றத்தில்கூட மூச்சு வாங்கவில்லை. மாலையைக் கழற்றிய அன்றைக்கே சாயங்காலம் டீக்கடையில் பழையபடி ஆரம்பித்துவிட்டேன். விட்டால் குண்டாகி, சேர்த்த தசையெல்லாம் போய்விடுமோ என்று பயம். எண்ணிக்கையைக் குறைத்தால் போதாதா? வேப் என்கிற இ-சிகரெட்டுக்கு மாறலாமா? அப்பாவும் பீடி பிடிக்கிறார், 61 வயது, இருமல் நிற்பதே இல்லை. வழி சொல்லுங்கள்.

பதில்: தம்பி, ஒவ்வொன்றாக வருகிறேன். அதற்கு முன்னால் ஒன்று சொல்லிவிடுகிறேன். மாலை போட்டு ஒரு மண்டலம் முழுக்கத் தொடாமல் இருந்தேன் என்று போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்களே, உங்கள் கடிதத்திலேயே கனமான வரி அதுதான். சிகரெட்டை விட முடியவில்லை என்று குன்னூரில் என்னிடம் வருகிறவர்களில் பலர் ஏற்கெனவே ஒரு தடவை முழுசாக விட்டவர்கள், ஆனால் அதை அவர்களே கணக்கில் சேர்ப்பதில்லை. நீங்களும் சேர்க்கவில்லை. உங்களால் விட முடியுமா என்ற சந்தேகம் எனக்குக் கொஞ்சமும் இல்லை, ஏனென்றால் விட்டுக் காட்டியிருக்கிறீர்கள். திரும்ப ஏன் வந்தது என்பதைத்தான் நாம் பேச வேண்டும். ஆனால் முதலில் உடம்பு விஷயம். உங்களைச் சுற்றி இருப்பவர்கள் நல்ல எண்ணத்தோடு நிறையத் தப்பான தகவல் சொல்லி வைத்திருக்கிறார்கள், அதைச் சரி செய்யாமல் மேலே போக முடியாது.

ஸ்குவாட் ஏறுகிறது, ஓட்டம் ஏறவில்லை என்கிறீர்கள். இதில் புதிர் ஒன்றும் இல்லை. 120 கிலோவைத் தோளில் வைத்து ஐந்து முறை உட்கார்ந்து எழ அரை நிமிஷம்கூட ஆகாது. அந்த நேரத்துக்கு வேண்டிய சக்தி தசைக்குள்ளேயே சேமிப்பாக இருக்கிறது, நுரையீரலும் ரத்தமும் ஆக்சிஜன் கொண்டுவந்து கொடுக்கட்டும் என்று தசை காத்திருப்பதில்லை. செட்டுக்கு நடுவில் இரண்டு மூன்று நிமிஷம் ஓய்வும் எடுக்கிறீர்கள். அதனால் புகை பிடிக்கிறவர்கூட எடை தூக்குவதில் வருஷக்கணக்கில் முன்னேறிக்கொண்டே போகலாம், கண்ணாடியில் பார்த்தால் மார்பும் தோளும் பிரமாதமாகத்தான் இருக்கும். ஆனால் அரை மணி நேரம் நிற்காமல் ஓடும்போது ஒவ்வொரு நிமிஷமும் ஆக்சிஜன் வந்து சேர்ந்தாக வேண்டும், அங்கே மறைக்க எதுவும் இல்லை. உங்கள் உடம்பில் புகை என்ன செய்துகொண்டிருக்கிறது என்பதைக் கண்ணாடி சொல்லவில்லை, கட்டபெட்டு ரோடு ஒரு வருஷமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறது.

மேடும் குளிரும் காரணம் என்று உங்கள் மாஸ்டர் சொல்வதில் பாதி உண்மை உண்டு. கோத்தகிரி, குன்னூர் எல்லாம் கடல் மட்டத்தில் இருந்து ஏறத்தாழ 1,800 மீட்டர், ஊட்டி 2,240. இந்த உயரத்தில் காற்றழுத்தம் கடற்கரையில் இருப்பதில் ஐந்தில் நான்கு பங்குதான், மூச்சில் கிடைக்கும் ஆக்சிஜனும் அதே அளவுக்குக் குறைவு. ஆனால் நீங்கள் இங்கேயே பிறந்து வளர்ந்தவர், உங்கள் உடம்பு அதற்கு எப்போதோ பழகிவிட்டது. நாட்டின் நெடுந்தூர ஓட்டக்காரர்களுக்கு ஊட்டியில் முகாம் போட்டதே இந்த மெலிந்த காற்றில் பயிற்சி எடுத்தால் நல்லது என்றுதான். அவர்கள் காசு செலவழித்து வந்து தேடுகிற ஒரு நன்மை உங்கள் வீட்டு வாசலிலேயே இருக்கிறது, அதைப் புகையில் விட்டுக்கொண்டிருக்கிறீர்கள் என்பதுதான் என் வருத்தம்.

எப்படி என்று கேட்பீர்கள். ரத்தத்தில் இருக்கும் ஹீமோகுளோபினை நம் ஊர் மினி பஸ் என்று வைத்துக்கொள்ளுங்கள். நுரையீரலில் ஆக்சிஜன் ஏறும், தசையில் இறங்கும், காலியான சீட்டில் மறுபடி ஆக்சிஜன் ஏறும். சிகரெட் புகையில் கார்பன் மோனாக்சைடு என்று ஒரு வாயு இருக்கிறது, அது ஆக்சிஜனைவிட இருநூறு மடங்குக்கும் மேல் இறுக்கமாக அந்த சீட்டைப் பிடித்துக்கொள்ளும், லேசில் இறங்காது. நாளைக்குப் பத்து சிகரெட் பிடிக்கிறவருடைய ரத்தத்தில் நூறு சீட்டில் நாலைந்து இப்படிப் போய்விடலாம். அதோடு நிற்பதில்லை, மிச்ச சீட்டில் இருக்கும் ஆக்சிஜனையும் தசையில் எளிதாக இறங்கவிடாமல் செய்துவிடும். ஏற்கெனவே ஆக்சிஜன் குறைவான மலையில், கீழே இருக்கிறவரைவிட உங்களுக்கு இது கூடுதல் நஷ்டம்.

நீலிமலையில் ஏன் மூச்சு வாங்கவில்லை என்பதற்கும் இதில் பதில் இருக்கிறது. ஐயப்பன் அருளை நான் குறைத்துப் பேசமாட்டேன். கூடவே இதையும் பாருங்கள்: பம்பையும் நீலிமலையும் நம் ஊரைவிட நன்றாகத் தாழ்ந்த இடம், அது ஒரு உதவி. இன்னொன்று, ஆறேழு வாரமாக உங்கள் ரத்தத்தில் எல்லா சீட்டும் ஆக்சிஜனுக்கே கிடைத்தது. அன்றைக்கு ஏறியதுதான் உங்கள் உண்மையான உடம்பு.

இப்போது ஆக்சிமீட்டர். கொரோனா காலத்தில் வீட்டுக்கு ஒன்று வாங்கி வைத்தோம், அதை நம்பி நிறையப் பேர் ஏமாறுகிறார்கள். அந்தச் சின்னக் கருவி விரலுக்குள் இரண்டு விதமான ஒளியைச் செலுத்தி, ரத்தத்தின் நிறத்தை வைத்துக் கணக்குப் போடுகிறது. கார்பன் மோனாக்சைடு ஏறிய ஹீமோகுளோபினும் ஆக்சிஜன் ஏறியது மாதிரியே சிவப்பாக இருக்கும், இரண்டையும் பிரித்துப் பார்க்க அதற்குத் தெரியாது. ஆக, 97 என்று காட்டினால் அதற்குள் புகையின் பங்கும் சேர்ந்திருக்கிறது. நிஜமான அளவு தெரிய வேண்டுமானால் ஊதிப் பார்க்கும் கார்பன் மோனாக்சைடு மீட்டர் இருக்கிறது, புகை நிறுத்தும் ஆலோசனை கொடுக்கும் இடங்களில் பெரும்பாலும் வைத்திருப்பார்கள். விட்ட இரண்டாம் நாளே அதில் எண் இறங்கியிருக்கும், அதைப் பார்க்கிறவர் முகம் மலர்வதைப் பார்ப்பதில் எனக்கு ஒரு சந்தோஷம்.

ஹீமோகுளோபின் 17.8 நல்ல ரத்தம் என்றார்களாம். தயவுசெய்து அதை அப்படி எடுத்துக்கொள்ளாதீர்கள். ஆண்களுக்கு வழக்கமாக 13 முதல் 17 வரை. மலையில் வாழ்கிறவர்களுக்குக் கொஞ்சம் கூடும், புகை பிடித்தால் இன்னும் கூடும், ஏனென்றால் போன சீட்டுகளை ஈடுகட்ட உடம்பு புதிதாகச் சிவப்பணுக்களை உண்டாக்கிக்கொண்டே இருக்கிறது. ரத்தம் கெட்டியாகும், குழாய்க்குள் உறைந்துபோகும் வாய்ப்பு கூடும், இதயம் தள்ளுவதற்குக் கஷ்டப்படும். புகையை நிறுத்தி மூன்று மாதம் கழித்து, நன்றாகத் தண்ணீர் குடித்த நாளில் மறுபடி பாருங்கள். அப்போதும் இறங்கவில்லை என்றால் மருத்துவரிடம் காட்டி மேற்கொண்டு பரிசோதிக்க வேண்டும். இன்னொன்றையும் நேராகவே கேட்கிறேன், உடம்பு ஏறுவதற்கென்று ஜிம்மில் யாராவது டெஸ்டோஸ்டிரோன் ஊசியோ மாத்திரையோ கொடுத்திருந்தால் அதுவும் ஹீமோகுளோபினை ஏற்றும். மருத்துவரிடம் மறைக்காதீர்கள், திட்டுவதற்காக நாங்கள் கேட்பதில்லை.

வியர்வையில் எதுவும் போகாது. நன்றாக மூச்சு வாங்கினால் கார்பன் மோனாக்சைடு கொஞ்சம் சீக்கிரம் வெளியேறும் என்பது உண்மை, சும்மா உட்கார்ந்திருந்தால் அது பாதியாகக் குறைய நாலைந்து மணி நேரம் ஆகும். ஆனால் ஜிம் முடித்ததும் வாசலில் நின்று அடுத்ததைப் பற்ற வைத்தால் போனது அப்படியே திரும்ப வருகிறது. மூச்சுக்குழாய்ச் சுவரிலும் ரத்தக்குழாய்ச் சுவரிலும் புகை செய்யும் வேலையைப் பயிற்சி கழுவிவிடாது. ஜிம்முக்கு முன்னால் ஒன்று பிடித்தால் சுறுசுறுப்பாக இருக்கிறது என்று பலர் சொல்வார்கள். நிக்கோடின் நாடித் துடிப்பை ஏற்றி ரத்தக்குழாயைச் சுருக்குகிறது, அதைத்தான் சுறுசுறுப்பு என்று நினைக்கிறோம். இதயத்துக்கு அதிக ஆக்சிஜன் வேண்டிய நேரத்தில் குழாயைச் சுருக்கி, ரத்தத்தில் ஆக்சிஜனையும் குறைத்து, தோளில் 120 கிலோவையும் ஏற்றுகிறீர்கள். பத்து சிகரெட்டில் எதை முதலில் நிறுத்தட்டும் என்று யாராவது கேட்டால் ஜிம்முக்கு முன்னாலும் பின்னாலும் பிடிக்கிற இந்த இரண்டைத்தான் சொல்வேன்.

ஆனால் குறைத்தால் போதுமா என்று கேட்டிருக்கிறீர்கள், போதாது. 2018ல் 141 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தார்கள். நாளைக்கு ஒரே ஒரு சிகரெட் பிடிக்கிறவருக்குக்கூட, இருபது பிடிக்கிறவருக்கு ஏறும் மாரடைப்பு அபாயத்தில் ஏறத்தாழ பாதி ஏறிவிடுகிறது. இருபதில் ஒரு பங்கு பிடித்தால் இருபதில் ஒரு பங்கு ஆபத்து என்ற கணக்கு இதயத்திடம் செல்லாது. அதோடு, குறைக்கிறவர் ஒவ்வொன்றையும் ஆழமாக, கடைசிவரை இழுப்பார், எண்ணிக்கை குறையும், நிக்கோடின் அவ்வளவாகக் குறையாது. 2016ல் பிரிட்டனில் ஏறக்குறைய 700 பேரை இரண்டு பிரிவாக்கி, ஒரு பிரிவைப் படிப்படியாகவும் இன்னொன்றை ஒரே நாளிலும் விடச் சொன்னார்கள், ஒரே நாளில் விட்டவர்கள்தான் அதிகம் பேர் தாக்குப்பிடித்தார்கள். உங்களுக்கு இது பொருந்தும், மாலை போட்ட அன்றைக்கு நீங்கள் பத்தை எட்டாக்கி எட்டை ஆறாக்கியா விட்டீர்கள்?

வேப் வேண்டாம். 2019ல் இருந்து நம் நாட்டில் அதை விற்பதே சட்டப்படி குற்றம், யாரோ சுற்றுலா வந்தவர் கையில் இருந்து வாங்குகிற பொருளுக்குள் என்ன திரவம் இருக்கிறது என்று யாரும் உத்தரவாதம் தர முடியாது. ஓடுகிற பையன்கள் சிலர் புகை வேண்டாம் என்று உதட்டுக்குள் ஹான்ஸ், கூல் லிப் மாதிரிப் புகையிலையை வைக்கிறார்கள், நுரையீரலுக்கு ஒன்றும் ஆகாதாம். வாய்ப் புற்றுநோய் வந்தவர்களின் முகத்தைப் பக்கத்தில் இருந்து பார்த்திருக்கிறேன். அந்தப் பக்கமே போகாதீர்கள்.

சரி, மாலைக்கு வருவோம்.

நிக்கோடினை நிறுத்தினால் முதல் மூன்று நாள்தான் மோசம், எரிச்சல், தூக்கக் குறைவு, கவனம் நிற்காமை எல்லாம் அப்போது உச்சத்தில் இருக்கும். இரண்டு முதல் நான்கு வாரத்தில் பெரும்பாலும் அடங்கிவிடும். நீங்கள் 48 நாள் இருந்தீர்கள் என்றால் உடம்பு கேட்பது நின்று பல நாள் ஆகியிருந்தது. அன்று சாயங்காலம் டீக்கடையில் உங்களைப் பற்ற வைக்கச் சொன்னது உடம்பு இல்லை. விரதத்துக்கு ஒரு முடிவு நாள் இருந்தது, அந்த நாள்வரை தாங்கினால் போதும் என்று மனதுக்குள் ஒப்பந்தம் போட்டு வைத்திருந்தீர்கள், நாள் வந்ததும் ஒப்பந்தம் முடிந்துவிட்டது. இதில் உங்கள் மனவலிமைக்கு எந்தக் குறையும் இல்லை.

அந்த 48 நாளும் என்னவெல்லாம் நடந்தது என்று யோசித்துப் பாருங்கள். கறுப்பு வேட்டி, கழுத்தில் மாலை, எல்லோரும் உங்களைச் சாமி என்று கூப்பிட்டார்கள், டீக்கடையில் யாரும் சிகரெட்டை நீட்டவில்லை, நீட்ட வந்தவனைப் பக்கத்தில் இருந்தவனே தடுத்திருப்பான். விடியற்காலையில் பச்சைத்தண்ணீர்க் குளியல், பூஜை, வீட்டுச் சாப்பாடு. எழுந்ததும் டீக்கடைக்குப் போகும் அந்தப் பாதையே மாறியிருந்தது. ஊரே சேர்ந்து உங்களைக் காத்தது. கழற்றிய அன்று அந்தக் காவல் எல்லாம் ஒரே நேரத்தில் போய்விட்டது, நீங்கள் தனியாக அதே பெஞ்சில் போய் உட்கார்ந்தீர்கள். இந்தத் தடவை மாலை இல்லாமல் அதே காவலை நீங்களே ஏற்பாடு செய்துகொள்ள வேண்டும், முடிவு நாள் வைக்காமல்.

ஒரு நாளைக் குறியுங்கள், இரண்டு வாரத்துக்குள் இருக்கட்டும், நைட் ஷிப்ட் இல்லாத வாரமாகப் பாருங்கள், கல்யாணம், ஊர்ப் பண்டிகை எதுவும் அந்த வாரத்தில் வேண்டாம். வீட்டில், ஜிம்மில், தொழிற்சாலையில் கூட நிற்கிற நாலு பேரிடம் தேதியோடு சொல்லுங்கள். டீக்கடைக்காரரிடமும் சொல்லுங்கள், "அண்ணே, இனி எனக்கு டீ மட்டும்தான், நான் கேட்டாலும் கொடுக்காதீங்க" என்று. சொல்லும்போது கூச்சமாக இருக்கும், அவர் சிரிக்கவும் செய்வார், ஆனால் அடுத்த வாரம் நீங்கள் கை நீட்டும்போது அவர் முகத்தைப் பார்க்க வேண்டி வரும் இல்லையா, அதுவே பாதி வேலை செய்யும். முதல் ஒரு மாதம் காலை டீயை வீட்டிலேயே குடித்துவிடுங்கள். தொழிற்சாலை இடைவேளையில் எல்லோரும் பின் கேட்டுக்குப் போகும்போது நீங்கள் வேறு பக்கம் ஐந்து நிமிஷம் வேகமாக நடந்துவிட்டு வாருங்கள். ஆசை அலையாக வந்து சில நிமிஷத்தில் தணியும், வேகமான சின்ன நடைகூட அதைக் குறைக்கும், இது சோதித்துப் பார்த்த விஷயம். ஆனால் ஜிம்முக்குப் போவது மட்டுமே சிகரெட்டை விட வைத்துவிடும் என்று நம்பி உட்கார வேண்டாம், நாலு வருஷமாக அது நடக்கவில்லையே.

எழுந்ததும் முதல் அரை மணி நேரத்துக்குள் பற்ற வைக்கிறவர் என்பதால் மருந்தின் துணை எடுத்துக்கொள்ளுங்கள். வீரம் காட்ட வேண்டிய இடம் இது இல்லை. நிக்கோடின் சூயிங்கம் 2 மில்லிகிராம் மருந்துக் கடையில் மருத்துவர் சீட்டு இல்லாமலே கிடைக்கும், உங்களுக்கு 4 மில்லிகிராம் தேவைப்படலாம், அதற்கு மருத்துவரிடம் சீட்டு வாங்கிக்கொள்ளுங்கள். பலர் இதைச் சாதாரண பபிள்கம் மாதிரி மென்று, விக்கல் எடுத்து, வயிறு எரிந்து, தூக்கிப் போட்டுவிட்டு வருகிறார்கள். மெதுவாகச் சில தடவை மெல்லுங்கள், மிளகு கடித்த மாதிரி சுறுசுறு என்று வரும், உடனே மெல்வதை நிறுத்திக் கன்னத்துக்கும் ஈறுக்கும் நடுவில் ஒதுக்கிவிடுங்கள், அந்தக் காரம் அடங்கினதும் மறுபடி மெல்லுங்கள், இப்படி அரை மணி நேரம். நிக்கோடின் வாய்த்தோல் வழியாகத்தான் போக வேண்டும், எச்சிலோடு விழுங்கினால் வீண். அதற்குக் கால் மணி நேரம் முன்னால் இருந்தே டீ, காபி, ஜூஸ் வேண்டாம். முதல் ஆறு வாரம் ஒன்றிரண்டு மணி நேரத்துக்கு ஒன்று, பிறகு குறைத்து மூன்று மாதத்தில் முடிக்கலாம். எடை தூக்கும்போதும் ஓடும்போதும் வாயில் வேண்டாம், தொண்டையில் சிக்கும். தோலில் ஒட்டும் பட்டையும் உண்டு, வியர்வையில் கழன்றுவிடுகிறது என்று ஜிம் போகிறவர்கள் குறைப்படுவார்கள். வரெனிக்லின், புப்ரோபியான் என்று மாத்திரைகளும் இருக்கின்றன, நன்றாக வேலை செய்யும், ஆனால் மருத்துவர் பார்த்துத்தான் கொடுக்க வேண்டும், வலிப்பு, மனநலம் பற்றியெல்லாம் கேட்டுவிட்டு.

1800 11 2356 என்ற இலவச எண் இருக்கிறது, புகையிலையை விட உதவும் தேசிய தொலைபேசிச் சேவை, தமிழிலும் பேசலாம். சிகரெட் பாக்கெட்டிலேயே அச்சிட்டிருப்பார்கள். நம் ஊரில் பாதிப் பேர் கடையில் ஒற்றை ஒற்றையாக வாங்குகிறவர்கள், அந்தப் பாக்கெட் அவர்கள் கைக்கு வருவதே இல்லை, அதனால்தான் இங்கே எழுதுகிறேன், போனில் பதிந்துகொள்ளுங்கள்.

இனி ஒரு விஷயம், தேயிலைத் தொழிற்சாலைக்காரர் என்பதால் உங்களுக்கு முக்கியம், பெரும்பாலும் யாரும் சொல்லமாட்டார்கள். புகையில் உள்ள தார்ப் பொருட்கள், டீயிலும் காபியிலும் இருக்கும் காஃபீனைக் கல்லீரலில் உடைக்கும் வேலையை முடுக்கிவிட்டிருக்கும். புகையை நிறுத்தியதும் சில நாளிலேயே அந்த வேகம் இறங்கிவிடும், நீங்கள் குடிக்கிற அதே டீ, ஜிம்முக்கு முன்னால் காஃபீன் உள்ள ப்ரீ வொர்க்அவுட் பவுடர் கலக்கிக் குடிக்கிறவராக இருந்தால் அதுவும், இப்போது ரத்தத்தில் கணிசமாக அதிக நேரம் தங்கும். படபடப்பு, கை நடுக்கம், ராத்திரி தூக்கம் வராமை. இதையெல்லாம் சிகரெட் இல்லாததால் வரும் தவிப்பு என்று நினைத்து, ஒன்று பிடித்தால் சரியாகிவிடும் என்று திரும்பப் போய்விடுவார்கள். விடுகிற நாளில் இருந்தே டீயைப் பாதியாக்குங்கள், பவுடரை ஒரு மாதம் ஒதுக்கி வையுங்கள்.

குண்டாகிவிடுவேனோ என்ற பயத்தை நான் லேசாக எடுத்துக்கொள்ளவில்லை, நாலு வருஷம் உழைத்துச் சேர்த்த உடம்பு அது. விட்டவர்களுக்குச் சராசரியாக முதல் வருஷத்தில் நாலு ஐந்து கிலோ ஏறுகிறது என்பது உண்மை. நிக்கோடின் பசியை அடக்கி, உடம்பு எரிக்கும் சக்தியையும் கொஞ்சம் கூட்டி வைத்திருந்தது, இரண்டும் ஒரே சமயத்தில் போய்விடுகிறது. ஆனால் அந்தச் சராசரியில் இருப்பவர்கள் பெரும்பாலும் பயிற்சி செய்யாதவர்கள், நீங்கள் ஏற்கெனவே செய்கிறீர்கள். தசை கரையாது, தசைக்கு நிக்கோடின் எந்த உதவியும் செய்துகொண்டிருக்கவில்லை, சொல்லப்போனால் புகை பிடிக்கிறவர்களுக்குக் காயமும் எலும்பு முறிவும் ஆறுவதுதான் தாமதமாகும். நம் ஊரில் கவனிக்க வேண்டியது டீயோடு வருகிற வர்க்கி. கை சும்மா இருக்காமல் ஒன்று, இரண்டு, நாலு என்று போகும், அவ்வளவும் மைதாவும் கொழுப்பும். அந்த இடத்தில் வறுத்த கடலையோ, அவித்த முட்டையோ, நறுக்கிய கேரட்டோ வைத்துக்கொள்ளுங்கள், நல்ல கேரட்டுக்கு நீலகிரியில் பஞ்சமா? இரண்டு கிலோ ஏறினாலும் பதறாதீர்கள், புகை விட்டு மூன்று மாதம் ஆனபின் அதை இறக்குவது எளிது. இரண்டையும் ஒரே மாதத்தில் செய்யப் பார்த்தால் இரண்டும் கெடும்.

முதல் இரண்டு வாரம் ஜிம்மில் புதிய சாதனை எதற்கும் போகாதீர்கள், போகும் நாட்களை மட்டும் விடாதீர்கள். ஓட்டத்தை நேரம் பார்க்காமல் பேசிக்கொண்டே ஓடுகிற வேகத்தில் வையுங்கள், நன்றாக விடிந்தபிறகு போங்கள், கரடியும் காட்டெருமையும் நடமாடும் ரோடு அது. காலையில் படுக்கையில் இருந்து எழுவதற்கு முன்னால் ஒரு நிமிஷம் நாடியைப் பிடித்து எண்ணி எழுதி வையுங்கள். முதல் வாரத்திலேயே அது சில எண்ணிக்கை இறங்கும், ஓட்டத்தில் மாற்றம் தெரிய அதற்கு மேல் சில வாரம் பிடிக்கும். நடுவில் இருமலும் சளியும் கூடலாம். மூச்சுக்குழாயைச் சுத்தம் செய்யும் மெல்லிய ரோமங்கள் இத்தனை வருஷமாகப் புகையில் முடங்கிக் கிடந்தவை, அவை மறுபடி வேலையை ஆரம்பிக்கின்றன. 'விட்டதில் இருந்துதான் இருமல்' என்று சொல்லித் திரும்பப் பிடிக்க ஆரம்பித்தவர்கள் உண்டு, நீங்கள் அப்படிச் செய்துவிடாதீர்கள். ஆனால் குளிர் காற்றில் ஓடும்போது நெஞ்சு இறுகி விசில் சத்தம் வந்தால் அது ஆஸ்துமாவாக இருக்கலாம், ஸ்பைரோமெட்ரி என்ற ஊதும் பரிசோதனை செய்துகொள்ளுங்கள். நெஞ்சில் அழுத்தம், இடது கைக்கோ தாடைக்கோ பரவும் வலி வந்தால் வயது 27தானே என்று உட்கார்ந்திருக்காமல் உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

எங்காவது ஒரு கல்யாண வீட்டில் ஒன்று பிடித்துவிட்டால்? அந்த ஒன்றோடு நிறுத்திவிட்டு, மறுநாள் காலை சூயிங்கத்தை எடுங்கள். போச்சு, எல்லாம் போச்சு என்று ஒரு பாக்கெட் வாங்குவதுதான் ஆபத்து. உங்கள் வயதில் விடுவது எவ்வளவு பெரிய லாபம் என்பதற்கு ஒரு கணக்கு இருக்கிறது. பிரிட்டனில் 1951ல் தொடங்கி ஐம்பது வருஷம் மருத்துவர்களையே பின்தொடர்ந்து பார்த்தார்கள், 2004ல் முடிவு வந்தது. தொடர்ந்து புகைத்தவர்கள் சராசரியாகப் பத்து வருஷம் முன்னால் இறந்தார்கள், முப்பது வயதுவாக்கில் விட்டவர்களுக்கு அந்தப் பத்து வருஷமும் ஏறக்குறைய முழுசாகத் திரும்பக் கிடைத்தது. உங்களுக்கு 27.

அதே ஆய்வில் அறுபது வயதில் விட்டவர்களுக்கும் மூன்று வருஷம் கிடைத்தது, அதனால் அப்பாவுக்கு இனிமேல் என்ன என்று விட்டுவிடாதீர்கள். பீடி சின்னது, இலையில் சுற்றியது, சிகரெட் அளவுக்குக் கெடுதல் இல்லை என்று நம் பெரியவர்கள் நினைக்கிறார்கள். அது அணையாமல் இருக்க அடிக்கடி இழுக்க வேண்டும், புகை ஆழமாகப் போகும், பீடி பிடித்து மூச்சுத்திணறலோடு வருகிறவர்களை நான் தினமும் பார்க்கிறேன். அவருக்கு அறிவுரை சொல்லாதீர்கள், நீங்கள் விடுகிற தேதியை மட்டும் சொல்லுங்கள், மகன் நிறுத்தியதைப் பார்த்துத் தானும் நிறுத்தின அப்பாக்களை நான் அறிவேன். ஆனால் அவர் இருமலுக்கு அதுவரை காத்திருக்கக் கூடாது. இரண்டு வாரத்துக்கு மேல் நீடிக்கும் எந்த இருமலுக்கும் காசநோய் இருக்கிறதா என்று சளியைப் பார்த்துவிட வேண்டும், அரசு மருத்துவமனையில் இலவசம். அதோடு ஒரு மார்பு எக்ஸ்ரே, ஒரு ஸ்பைரோமெட்ரி. சளியில் ரத்தம், எடை குறைவு, குரல் மாற்றம் இதில் ஏதாவது ஒன்று இருந்தால் இந்த வாரமே கூட்டிப் போங்கள், ஊட்டி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் நுரையீரல் பிரிவு இருக்கிறது. வீட்டில் விறகு அடுப்பு எரிப்பது உண்டா, எத்தனை வயதில் பீடி ஆரம்பித்தார், நாளைக்கு எத்தனை என்று கேட்பார்கள், நீங்கள் கூட இருந்தால் அப்பா குறைத்துச் சொல்லும் எண்ணிக்கையைத் திருத்திச் சொல்லலாம். பழைய எக்ஸ்ரே ஏதாவது வீட்டில் இருந்தால் அதையும் கையோடு எடுத்துக்கொண்டு போங்கள்.